விதைக்கு முன்னால் பணம்: ஒரு மழைக்கால நாட்குறிப்பு

ஜூன் 9, 2024, ஞாயிறு

பருவமழை இன்று மும்பைக்கு வந்துவிட்டதாக வானிலைத் துறை அறிவித்துவிட்டது. வழக்கமாக 11ஆம் தேதி வரவேண்டியது, இந்த ஆண்டு இரண்டு நாள் முந்திக்கொண்டது. செம்பூரிலிருந்து பஸ் பிடித்து மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் இறங்கினேன். கர்ஜத் பக்கத்து விவசாயிகள் சிலரும் நகரத்துக் குடும்பங்கள் சிலவும் சேர்ந்து காய்கறிக் கூடைத் திட்டம் ஒன்று தொடங்குகிறார்கள். அதற்கான கூட்டம், ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில்.

ஏற்பாடு இதுதான். பருவத்துக்கான மொத்தப் பணத்தையும் இப்போதே கட்டிவிட வேண்டும். விதை, கூலி, பந்தல் கம்பி, டெம்போ வாடகை எல்லாம் அந்தப் பணத்தில்தான். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமையிலிருந்து வாராவாரம் ஒரு பங்குக்குச் சுமார் நாலு கிலோ காய். இன்ன காய்தான் வேண்டும் என்று கேட்க முடியாது. அந்த வாரம் நிலத்தில் என்ன விளைந்ததோ அது. அமோகமாக விளைந்தால் கூடை நிறையும். மழை அடித்துக்கொண்டு போனால் குறையும். பணம் திரும்பி வராது. இந்தக் கடைசி நிபந்தனையைச் சொல்லும்போது மட்டும், இதையெல்லாம் படித்துச் சொன்ன கர்ஜத் விவசாயி காகிதத்தைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்துச் சொன்னார்.

உலகத்துக்கு இது புதிதல்ல. 1970களில் ஜப்பானில் பூச்சிமருந்துக்கு அஞ்சிய தாய்மார்கள் விவசாயிகளோடு நேரடியாகக் கைகோத்துத் தொடங்கிய ‘தெய்க்கெய்’தான் முன்னோடி. 1986இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் இந்தியன் லைன் பண்ணையும் நியூ ஹாம்ப்ஷயரின் டெம்பிள்-வில்டன் பண்ணையும் இந்த முறையில் இயங்கத் தொடங்கின. பிரான்சில் 2001இல் தொடங்கி நாடு முழுக்கப் பரவியது. மும்பைக்கும் பழக்கமானதுதான். 2010இல் கவிதா முகி பாந்த்ராவில் விவசாயிகள் சந்தை தொடங்கினார். மோஃப்கா என்கிற இயற்கை விவசாயிகள், நுகர்வோர் சங்கம் ‘ஹரி பரி டோக்ரி’ என்ற பெயரில் முன்பணக் கூடையை நடத்திக் காட்டியது. அந்த வழியில் வந்த சின்ன முயற்சிதான் இது.

ஒரு பங்குக்கு வாரம் 450 ரூபாய் கணக்கு. பருவம் முழுவதற்கும் 5,850. கட்டிவிட்டேன்.

ஜூன் 12, புதன்

பள்ளியில் வேலை முடிந்து தாராவிக்குப் போனேன். அத்தை நாளைய இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருந்தாள். திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கென்று வந்த குடும்பம் எங்களுடையது. பதனிடும் பட்டறைகள் பெரும்பாலும் போய்விட்டன, அத்தையின் இட்லிக் கொப்பரை நிற்கிறது. அந்தச் சந்தில் விடியும்முன் கொப்பரை ஏறாத வீடு குறைவு. சைக்கிளில் டப்பா கட்டிக்கொண்டு தாதர் வரைக்கும் போகிறார்கள்.

கூடையைப் பற்றிச் சொன்னேன். அத்தை கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

“ஏட்டி, மூணு மாசக் காச மொத்தமா எண்ணி வைக்கதுக்கு இங்க யாருகிட்ட இருக்கு? கையில வந்த காசுக்கு அன்னன்னைக்குப் பத்து ரூவா கீரை, இருவது ரூவா தக்காளி. நல்ல காய் திங்கதுக்குச் செம்பூர்லதான் குடியிருக்கணுமோ?”

ரயில் பாதையோரம் சாக்கடை நீர் பாய்ச்சி வளர்க்கும் கீரையை இந்த நகரம் பல பத்தாண்டுகள் தின்றுவந்திருக்கிறது. மலிவாகக் கிடைத்ததால் அது முதலில் போய்ச் சேர்ந்தது இந்த மாதிரிச் சந்துகளுக்குத்தான். மருந்தடிக்காத காய் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களால்தான் முன்பணம் கட்ட முடியாது. அத்தை கேட்டது இந்தத் திட்டத்தின் அடிமடியில் கை வைக்கிற கேள்வி. அடுத்த கூட்டத்தில் இதைப் பேசியே ஆகவேண்டும்.

ஜூன் 22, சனி

செம்பூர் ஸ்டேஷன் வாசலில் ஆதிவாசிப் பெண்கள் இருவர் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மழை விழுந்ததும் காட்டில் தானாக முளைக்கும் கீரைகளும் கிழங்குகளும் இவர்களோடு லோக்கல் ரயிலேறி வரும். ‘ரான்பாஜி’, காட்டுக்காய். பயிரிட்டவர் யாரும் இல்லை, பறித்தவர்தான் உண்டு.

ஊதா நிறத்தில் ஈட்டி போல் நின்றது ஷேவ்ளா. காட்டுக்கருணையின் பூந்தண்டு அது. முதல் மழையோடு வந்து சில வாரங்களில் மறைந்துவிடும். அப்படியே சமைத்தால் நாக்கு அரிக்கும். அந்த அரிப்பை முறிக்கக் காக்கட் என்ற புளிப்புக் காயையும் அந்த அம்மாவே பக்கத்தில் வைத்து விற்கிறார். ஒன்றில்லாமல் ஒன்று கேட்டால் தரமாட்டார். “நாக்கு அரிச்சா என்னைத் திட்டுவீங்க தாயி” என்று மராத்தியில் சிரித்தார்.

இன்னொரு குவியலைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். தகரை. ஊரில் ரோட்டோரம் கிடப்பது. இங்கே டாக்ளா என்கிறார்கள், இளந்தளிரைப் பூண்டு தட்டிப் போட்டு வதக்குகிறார்கள். மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் குடியிருக்கிறோம். சின்ன வெங்காயமும் வாழைத்தண்டும் சுண்டைக்காயும் மாட்டுங்காவில் தேடி வாங்கத் தெரியும். அறுபது எழுபது கிலோமீட்டரில் இருக்கும் காட்டில் இந்த மாதம் என்ன முளைக்கிறது என்று எங்கள் சமையலறைகளுக்குத் தெரியாது. மாட்டுங்கா காயை விடவேண்டியதில்லை. கூடவே இதையும் சேர்த்துக்கொண்டால்தான் இங்கே வாழ்வது முழுமை பெறும் என்று தோன்றுகிறது.

ஜூன் 30, ஞாயிறு

அத்தையே வழி கண்டுபிடித்துவிட்டாள். அவள் பிடிக்கும் வாரச்சீட்டில் இருபது பெண்கள், தலைக்கு 300 ரூபாய். சீட்டுப் பிடிக்கிறவளுக்கு முதல் சீட்டு, அதுதான் வழக்கம். அந்த 6,000 ரூபாயை எடுத்து ஒரு பங்குக்குக் கட்டிவிட்டாள். ஆறு வீட்டார் அந்தக் கூடையைப் பிரித்துக்கொள்வார்கள். மற்ற ஐந்து வீடும் வாரம் 75 ரூபாய் அவளிடம் தந்துவிடும்.

“சீட்டுல மொத ஆளுக்குப் பணத்தக் குடுத்துட்டு நம்ம முறைக்குக் காத்துக் கெடக்கோம்லா? இங்க அந்த மொத ஆளு வெவசாயி. அவ்வளவுதானே” என்றாள். கூட்டத்தில் ஆங்கில அறிக்கைகளை வைத்துக்கொண்டு எல்லாரும் விளக்க முயன்றதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

பணத்தை வாங்கிக்கொண்ட கர்ஜத் விவசாயி, தாராவியிலிருந்து வரும் முதல் பங்கு இது என்று நோட்டில் தனியாகக் குறித்துக்கொண்டார்.

ஜூலை 8, திங்கள்

இரவு ஒரு மணியிலிருந்து காலை ஏழு மணிக்குள் நகரின் பல இடங்களில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியிருக்கிறது. பள்ளிக்கூடம் விடுமுறை. தண்டவாளம் தண்ணீரில். குர்லா பக்கம் ரயில் இல்லை.

மற்ற ஆண்டுகளில் இப்படி மழை பெய்தால் வீட்டுக்காரர் எப்படி வீடு திரும்புவார், அத்தை வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதா என்று மனம் ஓடும். இன்று அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நாற்று என்ன ஆயிற்று? மதியம் விவசாயியிடமே போனில் கேட்டேன்.

“கீழ்ப்பாத்தி போயிடுச்சு தாயி. கத்தரி நாத்து முழுக்கத் தண்ணிக்குள்ள. மேட்டுல வெள்ளரி, பீர்க்கன் நிக்குது. கீரைக்குத் திரும்ப விதைக்கணும்.” குரலில் பதற்றம் இல்லை. விதை வாங்கப் பணம் இருக்கிறதா என்றேன். “உங்க பணம்தான் இருக்கே” என்றார்.

முன்பணத்தின் பொருள் இன்றுதான் முழுதாகப் பிடிபட்டது. பணம் அறுவடைக்குப் பிறகு வருவதாக இருந்தால் இந்த மறுவிதைப்புக்கு அவர் உரக்கடையிலோ வட்டிக்காரரிடமோ நின்றிருப்பார். கடன் கொடுத்தவர் சொல்லும் விதையை, அவர் விற்கும் மருந்தோடு சேர்த்து வாங்கவேண்டியிருக்கும். நஞ்சில்லாத காய் வேண்டும் என்று கேட்கிற நமக்கு, நஞ்சு அங்கே எந்த வாசல் வழியாக நுழைகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் கடன் வாசல் வழியாகத்தான்.

ஜூலை 26, வெள்ளி

நேற்று வசாயில் ஃபாதர் பிரான்சிஸ் திப்ரிட்டோ காலமானார். மராத்தி எழுத்தாளர், பைபிளை மராத்தியில் தந்ததற்காக சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். 2020இல் உஸ்மானாபாத் மராத்தி சாகித்ய சம்மேளனத்தின் தலைவர். பத்திரிகைகள் எல்லாம் இதை எழுதியிருக்கின்றன. எனக்கு அவரைத் தெரிந்தது வேறு வகையில். ‘ஹரித் வசாய்’, பசுமை வசாய் இயக்கத்தின் முகமாக.

மும்பையின் வடக்கு வாசலில் இருக்கும் வசாய் பட்டை வாழைத்தோப்பும் வெற்றிலையும் பூவும் காய்கறியும் விளைந்த நிலம். விடிகாலை விரார் லோக்கலில் தலைச்சுமையோடு ஏறிவந்து தாதரிலும் பாந்த்ராவிலும் தெருவோரம் உட்காரும் வசாய்ப் பெண்களிடம் என் அம்மா காய் வாங்கியிருக்கிறாள். கட்டட முதலாளிகளின் கண் அந்த நிலத்தில் விழுந்தது. கிணற்று நீரை டாங்கர்கள் உறிஞ்சின. அப்போது ஊர் மக்களைத் திரட்டி எதிர்த்து நின்ற பாதிரியார் இவர். மிரட்டலுக்கும் அஞ்சவில்லை.

விளைநிலம் விற்பனைக்குப் போவதற்கு முக்கியக் காரணம் விளைச்சலில் வருமானம் இல்லாததுதான். போராட்டம் நிலத்தைச் சில காலம் காக்கும். காய்க்கு நியாயமான விலை நிரந்தரமாக வந்தால்தான் நிலம் நிலமாகவே இருக்கும். கர்ஜத்திலும் பண்ணைவீடு கட்டுகிறவர்களின் வேலிகள் வருடாவருடம் நெருங்கி வருகின்றன. நாங்கள் கட்டிய பணத்தில் கொஞ்சம் அந்த வேலிக்கு எதிரானது என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. முதல் கூடையும் இன்றுதான்.

மாட்டுங்காவில் டெம்போ வந்து நின்றதும் எல்லாரும் சேர்ந்து இறக்கினோம். பிரித்து வைப்பதும் உறுப்பினர் வேலைதான். கொத்தோடு முள்ளங்கி, செந்நிறத் தண்டுக்கீரை, புளிச்சக்கீரை, சேப்பங்கிழங்கு இலை, குட்டை வெள்ளரி ஐந்து, ஒரு கைப்பிடி வெண்டை. கத்தரி இல்லை. ஜூலை 8 மழை அதைக் கொண்டுபோய்விட்டது. கூடவே ஒரு கட்டுக் கீரை தனியாக இருந்தது. விதைக்காமல் பாத்திக்குள் களையாக முளைத்ததாம், இங்கே குர்டு என்பார்கள்.

தாராவிக் கூடையை அத்தையிடம் சேர்த்தபோது அந்தக் கட்டை எடுத்து முகர்ந்துபார்த்தாள். “இது பண்ணைக்கீரைலா!” கல்யாணமாகி வந்த பிறகு இதைக் கண்ணால் பார்க்கவே இல்லையாம். பருப்புப் போட்டுக் கடைந்து ஆறு வீட்டுக்கும் கிண்ணத்தில் அனுப்பினாள்.

புளிச்சக்கீரை அடுத்த வீட்டு மாமிக்குப் போயிற்று. அவர் இரவுக்குள் கோங்குரா தொக்காக மாற்றித் திருப்பித் தந்தார். சேப்ப இலையில் கடலைமாவு தடவிச் சுருட்டி ஆவியில் வேகவைத்துத் தாளித்தேன். மராத்தி வீடுகளில் அது அளுவடி. இலையின் நடு நரம்பைச் சீவி எடுத்துவிட வேண்டும், மாவில் புளி கட்டாயம் சேர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் தொண்டை கமறும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் பக்கத்துக் கணக்கு. இங்கே ஆடிப்பெருக்கன்று கொங்கண் வயலில் நெல் நடவு முடிந்துவிட்டது, முதல் காய் கூடைக்கு வந்துவிட்டது. தென்மேற்குப் பருவமழையின் கணக்கு வேறு. அந்தக் கணக்கை இனி இந்த வீட்டுக் காலண்டரிலும் எழுதவேண்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கர்ஜத்துக்குப் போனோம். அத்தையும் வந்தாள். மாத்தேரான் மலைக்கு இப்பால் எங்கு பார்த்தாலும் முழங்கால் உயர நெல். கர்ஜத்திலேயே நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இங்கே பல வயல்களில் நிற்பது அந்த நிலையம் தந்த, ‘கர்ஜத்’ என்றே பெயர் கொண்ட ரகங்கள். காய்கறி இருப்பது மேட்டுச் சரிவில். அதை ‘வர்க்கஸ்’ நிலம் என்கிறார்கள். மழைக்காலத்தில் மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற இடத்தில் தண்ணீர் தேங்காத சரிவில்தான் காய் நிற்கும்.

கொட்டகையில் இருநூறு லிட்டர் டிரம்மில் ஜீவாமிர்தம். பத்துக் கிலோ பசுஞ்சாணம், கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ கடலைமாவு, வரப்பு மண் ஒரு பிடி. இரண்டு நாள் நிழலில் வைத்துக் காலை மாலை கலக்கிவிட வேண்டும். விதர்ப்பாவின் சுபாஷ் பாலேக்கர் பரப்பிய முறை. உம்பர்காவ் பாஸ்கர் சாவேயின் தோட்டத்தைப் பற்றியும் விவசாயி மரியாதையோடு பேசினார். நான் நம்மாழ்வாரைப் பற்றியும் கரூர் மாவட்டத்து வானகத்தைப் பற்றியும் சொன்னேன். பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனதில் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பீர்க்கன் பந்தலுக்குள் கூட்டிப்போனார். பீர்க்கம்பூ மாலையில்தான் விரியும். அந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் வண்டும் தேனீயும் வராது, பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். அதனால் அவரும் அவர் மனைவியும் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழை மடக்கிப் பின்னால் தள்ளி, காம்பைப் பிடித்துக்கொண்டு, அடியில் விரல் பருமன் பிஞ்சோடு நிற்கும் பெண்பூவின் நடுவில் மெல்லத் தொட்டுச் சுழற்ற வேண்டும். ஒரு ஆண்பூ நாலைந்து பெண்பூவுக்கு வரும். பந்தல் முழுக்க இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டும். அத்தையும் ஒரு வரிசையைச் செய்தாள். இட்லித் துணியைப் பதமாக உரிக்கத் தெரிந்த விரல், பூ கசங்கவில்லை.

அண்ணாந்து பார்த்தபடி பந்தலின் கீழ் நின்று கழுத்து வலிக்கிறது. கடையில் ஒரு கிலோ பீர்க்கங்காய்க்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி இனி என்னால் பேச முடியாது.

ஆகஸ்ட் 31, சனி

மறுபடியும் பீர்க்கங்காய். போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் அதேதான், கூடவே புடலையும் சுரையும். கை மகரந்தம் நன்றாகப் பிடித்துவிட்டது.

மாட்டுங்காவில் சலசலப்பு. இரண்டு குடும்பங்கள் அடுத்த பருவத்தில் சேரப்போவதில்லை என்கின்றன. குழந்தைகள் சாப்பிடவில்லை, உருளையும் தக்காளியும் காலிஃப்ளவரும் வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. வேலைக்குப் போகிற வீட்டில் வாரம் இரண்டு கிலோ பீர்க்கனை ஒழுங்கு செய்வதும் வேலைதான்.

ஆனாலும் சொன்னேன். ஆகஸ்டில் மும்பைக்குக் காலிஃப்ளவர் வருகிறது என்றால் அது நாசிக் பக்கமோ அதற்கும் அப்பாலிருந்தோ லாரியில் வாஷி மார்க்கெட்டுக்கு வந்து இறங்கி நம் தெருவுக்கு வருகிறது. ஈரப்பதம் மிகுந்த இந்த மாதத்தில் அதைப் பூச்சியில்லாமல் காப்பாற்ற மருந்து வேண்டும். கொடியில் காய்ப்பவைதான் இந்த மண்ணின் இந்த மாதம். எல்லாமே எப்போதும் கிடைக்கவேண்டும் என்ற பழக்கம் நமக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை.

பழக்கம் மாற உதவியும் வேண்டும். மாமி பீர்க்கன் தோலில் துவையல் செய்முறை எழுதி எல்லாருக்கும் கொடுத்தார். குஜராத்தி உறுப்பினர் ஒருவர் சுரைக்காய் முட்டியாவைச் செய்தே கொண்டுவந்தார். அத்தை புடலங்காயைப் பாசிப்பருப்போடு கூட்டுவைத்து இட்லிக்குத் தொட்டுக்கொள்ளத் தருகிறாள், வாடிக்கைக்காரர்கள் கேட்டு வாங்குகிறார்களாம். விலகுவதாகச் சொன்ன இரண்டில் ஒரு குடும்பம் பருவம் முடியட்டும் பார்க்கலாம் என்றிருக்கிறது.

செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்று விநாயகர் சதுர்த்தி, இன்று ரிஷி பஞ்சமி. மாடியில் குடியிருக்கும் மராத்தி அக்கா ‘ரிஷிச்சி பாஜி’ கொண்டுவந்து தந்தார். இன்றைக்கு விரதம் இருக்கும் பெண்கள், மாடு உழுத நிலத்தில் விளைந்த எதையும் உண்பதில்லை. தானாக முளைத்ததும் கையால் கொத்தி வளர்த்ததும் மட்டும். சேப்பங்கீரை, செந்தண்டு, பூசணி, பீர்க்கன், புடலை, பழுபாகல், சேனை, சோளக்கதிர் எல்லாம் ஒரே சட்டியில். மசாலா கிடையாது. கொஞ்சம் புளி, தேங்காய், பச்சைமிளகாய்.

வருடம் முழுக்க உழைத்த மாட்டுக்கு ஒரு நாள் நன்றி. இந்த நகரத்தில் மாடு உழுத நிலத்தைப் பார்க்காதவர்கள்கூட இன்று அந்த நன்றியைச் சமைக்கிறார்கள். நம் மாட்டுப்பொங்கலின் உறவுக்காரி இந்த நோன்பு. நேற்றுக் கூடையில் வந்த காய்களில் பாதி அந்தச் சட்டியில் இருந்தது. மழைக்காலக் கூடை எதற்கு இப்படி இருக்கிறது என்று போன வாரம் நான் நீளமாகப் பேசினேனே, அதற்கான பதிலை இந்த ஊர் தன் பண்டிகைக்குள்ளேயே வைத்திருக்கிறது.

செப்டம்பர் 26, வியாழன்

நேற்று மாலை பேய்மழை. மான்கூர்த், காட்கோபர் என்று எங்கள் கிழக்குப் பக்கம்தான் அதிகம். சென்ட்ரல் லைன் நின்றுபோனது. வீட்டுக்காரர் குர்லாவிலிருந்து தண்ணீரில் நடந்தே வந்தார். இன்று பள்ளிகளுக்கு விடுமுறை.

கர்ஜத்தில் பந்தலில் பாதி சாய்ந்துவிட்டது. தக்காளி நாற்று அழுகிவிட்டது. நெல் பால்பிடிக்கும் பருவம், சில வயல்களில் படுத்துவிட்டதாம்.

செப்டம்பர் 28, சனி

கூடையில் ஒன்றரைக் கிலோதான் இருந்தது. கொஞ்சம் வெண்டை, பச்சைமிளகாய், சேப்ப இலை, சின்னச் சுரைக்காய் ஒன்று.

சேரும்போதே சொன்னதுதான், நிபந்தனையில் இருப்பதுதான். என்றாலும் கையில் கூடையைத் தூக்கும்போது எடை தெரிகிறது. ஒருவர் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரலாமே என்று கேட்டார். விவசாயி பதில் சொல்ல எழுந்தார். அதற்குள் அத்தை தனக்குத் தெரிந்த மராத்தியில் பேசினாள்: நல்ல வாரத்தில் எட்டுக் கிலோ வந்தபோது கூடுதல் காசு யாராவது கொடுத்தோமா? மழைக்கு அவர் பொறுப்பா?

பேச்சு அதோடு நின்றது. தாராவிக் கூடையில் ஆறு வீட்டுக்குக் கால் கிலோ வீதம்தான் பிரிக்க முடிந்தது. 75 ரூபாய் பெரிய காசாக இருக்கும் வீடுகள் அவை. யாரும் நிறுத்தவில்லை. அழுத்தமாகவே எழுதுகிறேன்: இழப்பில் பங்கெடுப்பதைப் பற்றிப் பேச இந்தத் திட்டத்தில் யாருக்காவது தகுதி இருந்தால் அது அந்த ஆறு வீட்டுக்குத்தான்.

அக்டோபர் 9, புதன்

ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று இந்த வாரம் செய்திகளில் அடிபடுகிறது. நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போய்ச்சேருவது தக்காளிக்கு 33 பைசா, வெங்காயத்துக்கு 36, உருளைக்கு 37. மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே நின்றுவிடுகிறது. போன ஆண்டு ஜூலையில் தக்காளி கிலோ 150 ரூபாயைத் தாண்டியபோது விவசாயி பணக்காரன் ஆகிவிட்டான் என்று பேசியவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

இடைத்தரகர் எல்லாரும் கொள்ளைக்காரர் இல்லை. வாஷியில் மூட்டை சுமக்கிற மாதாடிக்கும் லாரி ஓட்டுநருக்கும் மாட்டுங்கா வாசலில் தட்டு வைத்திருக்கும் பெண்ணுக்கும் பிழைப்பு அதில்தான். 2016இலேயே மகாராஷ்டிர அரசு காய்கனிகளை மார்க்கெட் கமிட்டியின் பிடியிலிருந்து விடுவித்து, விவசாயி நேரடியாக விற்கலாம் என்றது. ஆனால் நேரடியாக விற்க மறுமுனையில் நேரடியாக வாங்குகிறவர் வேண்டுமே. சட்டம் கதவைத்தான் திறக்கும், உள்ளே நடந்து போக வேண்டியவர்கள் நாம்.

எங்கள் கூடையின் கணக்கை விவசாயியே நோட்டில் எழுதிக் காட்டுகிறார். டெம்போ, பை, சுங்கம் போக ரூபாயில் நான்கில் மூன்று பங்கு பண்ணைக்கு நிற்கிறது. கூலியாட்களின் தினக்கூலியும் அதே நோட்டில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

அக்டோபர் 26, சனி

பருவத்தின் கடைசிக் கூடை. நெல் அறுவடை நடக்கிறது. அறுத்த வயலில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே ‘வால்’ விதைத்துவிடுவார்கள். வால் என்பது நம் மொச்சைதான். தண்ணீர் பாய்ச்சாமல் பனியிலேயே விளைந்து ஜனவரியில் பச்சையாக வரும். குளிர்காலக் கூடையில் மொச்சை, துவரங்காய், வெந்தயக்கீரை, முள்ளங்கி, கத்தரி, கடைசியில் அலிபாக் வெள்ளை வெங்காயம். பொங்கலுக்கு மொச்சையும் கிழங்கும் இங்கிருந்தே.

ஆகஸ்டில் விலகுவதாகச் சொன்ன இரண்டில் ஒரு குடும்பம் போய்விட்டது, ஒன்று தொடர்கிறது. தாராவியில் ஒரு பங்கு மூன்றாகிறது. அத்தை இந்த முறை சீட்டில் அதற்கென்றே தனிக் குலுக்கல் வைத்திருக்கிறாள். அதைப் பார்த்து மாட்டுங்காக் கூட்டத்திலும் விதியை மாற்றிவிட்டார்கள். முடிந்தவர்கள் முழுப் பணமும் முன்னால் கட்டுவது, முடியாதவர்களுக்கு ஒரு பொது நிதி முன்பணம் போடுவது, அவர்கள் வாராவாரம் செலுத்துவது. பண்ணைக்குப் பணம் முன்னாலேயே போய்விடும், எளிய வீட்டுக்கும் கூடை வரும். இரண்டும் சேர்ந்தால்தான் இது நியாயமான ஏற்பாடு.

படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் செம்பூரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், உங்கள் நகரத்துக்குப் பக்கத்தில் காய் விளைவிக்கிற ஒரு விவசாயி கட்டாயம் இருப்பார். பத்து வீடு சேருங்கள். ஒருமுறை நிலத்தைப் போய்ப் பாருங்கள். கணக்கு நோட்டைக் கேளுங்கள். விதைக்கு முன்னால் பணத்தைக் கொடுங்கள், விளைந்ததை வாங்கிக்கொள்ளுங்கள், விளையாத வாரத்திலும் கூட நில்லுங்கள். சேருகிற பத்து வீட்டில் குறைந்தது இரண்டு, முன்பணம் கட்ட முடியாத வீடுகளாக இருக்கட்டும்.